சொந்த அலுவல்

எங்கள் கிளையில் லீவு கேட்க ஒரு இளநீலத் தாள் இருந்தது. பெயர், திகதி, எத்தனை நாள், காரணம். காரணத்துக்கு ஒரு விரல் நீளக் கோடுதான் போட்டிருப்பார்கள். காய்ச்சல், கோயில் திருவிழா, பிள்ளையின் பாடசாலைக் கூட்டம் என்று ஏதாவது ஒன்று அதற்குள் அடங்கிவிடும். 2023 நவம்பரில் நான் அந்தக் கோட்டின் மேல் ‘சொந்த அலுவல்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டே சொல். தை பிறப்பதற்குள் ஊர் எனக்குக் கலியாணமே பேசி முடித்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான்: நான் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

மட்டக்களப்பு நகருக்குள் ஒரு லீசிங் கம்பனியின் கிளை. பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், பி.கொம். முடித்து, அரச நியமனம் இந்தா வருகிறது அந்தா வருகிறது என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்து அலுத்து, 2019 மார்ச் 4ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை அங்கே சேர்ந்தேன். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிற விவசாயிகளுக்கு லேண்ட் மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம், இவற்றுக்கான பத்திரங்களைத் தயாரிப்பது என் வேலை. பிடித்துத்தான் செய்தேன். புது ஓட்டோ எடுக்கிற அன்று ஆள் குடும்பத்தோடு வருவார். மனைவி, பிள்ளைகள், சில நேரம் தாய்கூட. கையெழுத்து வைக்கும்போது எல்லாரும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். 2022இல் அதெல்லாம் நின்றுபோனது. புது வாகனமும் இல்லை, பெற்றோலும் இல்லை. பத்திரம் எழுதிய என்னையே நிலுவைக்குப் போன் எடுக்க வைத்தார்கள். மேசையைச் சுற்றி நின்ற அதே குடும்பத்துக்கு, அதே நம்பருக்கு, ‘இந்த மாதத் தவணை இன்னும் வரவில்லை’ என்று. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறியிருந்தது. என் சம்பளம் ஏறியது 2,500 ரூபா.

சரி, மாற வேண்டும் என்றால் மாறிவிட்டுப் போ, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கொழும்பில் இருக்கிற சிநேகிதி கேட்டாள். கொழும்பில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். இங்கே லீசிங், காப்புறுதி, நுண்கடன் என்று வாசலில் போர்டுதான் வேறு வேறு. உள்ளே இருக்கிற மனேஜர்மார் ஒரு காலத்தில் ஒருவருக்குக் கீழ் ஒருவர் வேலை செய்தவர்கள். ஒருவர் வீட்டுச் சாமத்தியத்துக்கு மற்றவர் முன்வரிசையில் இருப்பார். எங்கள் கிளையில் ரிக்கவரியில், அதாவது நிலுவை அறவிடுகிற பிரிவில், இருந்த ஒரு தம்பி, வேறு இடம் பார்க்கிறேன் என்று வெள்ளை மனதோடு ஒருநாள் சொன்னான். அந்த வேலையும் கிடைக்கவில்லை, அடுத்த மாதமே அவனுடைய ஏரியா மாவட்டத்தின் வடக்குக் கோடியில் இருக்கிற வாகரைப் பக்கம் மாறியது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. மழைக்கோட்டு ஒன்று புதிதாக வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

எனக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 5 வருடம் முழுதாக முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, விலகும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். 4 வருடமும் 11 மாதமும் என்றால் பூச்சியம். என் சம்பளம் 58,000; அதில் பாதி 29,000; ஐந்தால் பெருக்கினால் 145,000. நோட்டீஸ் மாதமும் சேவைக் காலம்தானே, பெப்ரவரியிலேயே கடிதத்தைக் கொடு, கடைசி நாள் மார்ச்சில் வரும் என்று கணக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். கணக்குச் சரிதான். ஆனால் கடிதத்தை வாங்கிவிட்டு ‘நாளைக்கே வர வேண்டாம்’ என்றால், அதற்குப் பிறகு நான் தொழில் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட வருகிற காசை அப்படி வைத்துச் சூதாட எனக்குத் துணிவில்லை. 2024 மார்ச் 4 வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

சிவியை அலுவலகப் பிரிண்டரில் எடுக்கக் கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் அறிவு இருந்தது. பிரிண்ட், போட்டோகொப்பி எடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடைக்குப் போய்ப் பென்டிரைவைக் கொடுத்தேன். பொடியன் பிரிண்ட் எடுத்து, அடுக்கி, ஸ்டேப்ளர் அடிக்கப் போய், நிறுத்தி, ‘அக்கா, முதல் பக்கத்தில சேர்ந்தது 2019 எண்டிருக்கு, மூண்டாம் பக்கத்தில 2018 எண்டிருக்கு, எது சரி?’ என்றான். வரிசையில் எனக்குப் பின்னால் மூன்று பேர். திருத்தித் தந்ததற்கு 20 ரூபா கூட எடுத்தான். அதற்குப் பிறகு அந்தக் கடையைக் கடக்கிற ஒவ்வொரு முறையும் ‘சரி வந்ததா’ என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு.

நம் நாட்டு சிவியின் கடைசியில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் போடுவது வழக்கம். பெரும்பாலும் இப்போதைய மனேஜரைத்தான் போடுவார்கள். நான் கம்பஸில் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவரையும், எங்கள் பாடசாலையின் ஓய்வுபெற்ற அதிபரையும் போட்டேன். அதிபர் வீட்டுக்கு அனுமதி கேட்கப் போனபோது, ‘நான் ஒருத்தரிட்டயும் மூச்சு விடமாட்டன் மகள்’ என்று வீடு அதிரச் சொன்னார். அவர் மனைவி, மருமகள், முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆள், மூன்று பேரும் தலையாட்டினார்கள். இன்னொன்றும் செய்தேன், இதை யாருக்கும் சொல்வேன்: விண்ணப்பத்தோடு அனுப்பிய மின்னஞ்சலில், நியமனக் கடிதம் என் கைக்கு வரும் முன் இப்போதைய நிறுவனத்தோடு பேச வேண்டாம் என்று ஒரு வரி. கேட்க வெட்கப்பட ஒன்றும் இல்லை, எச்ஆரில் இருப்பவர்கள் இதைத் தினமும் காண்கிறவர்கள். லிங்க்ட்இன்னில் வேலை தேடுவதை ஆட்சேர்ப்பவர்களுக்கு மட்டும் காட்டுகிற வசதி ஒன்று இருக்கிறது. உங்கள் கம்பனிக்காரர் கண்ணில் படாமல் பார்ப்போம், ஆனால் முழு உத்தரவாதம் தர ஏலாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதைத் தொடவே இல்லை. வாகரை கண்ணுக்குள் நின்றது.

முதல் இன்டர்வியூ போனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில். நகர நடுவான புளியந்தீவுக்குள் ஒரு ஆள் தனியாக நின்று போன் பேச இடமில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. காந்தி பூங்காவில் ஒரு மர நிழலில் நின்றேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஓட்டோவை நிறுத்தி, ‘மிஸ், ஏத்திட்டுப் போகவா?’ என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பழைய கல்லடிப் பாலத்தடிக்கு ஓடினேன். நிலாக் காலத்தில் பாடுமீன் கேட்க ஆட்கள் வருகிற இடம். நான் பட்டப்பகலில் காதில் ஹெட்செட்டை அடைத்துக்கொண்டு, ‘இன்னும் ஐந்து வருடத்தில் எந்த நிலையில் இருப்பீர்கள்’ என்ற கேள்விக்கு வாவியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘நீங்க இப்ப கடலிலயா நிக்கிறீங்க மிஸ்?’ என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். அவ்வளவு காற்று. கலைந்த தலையும் வெயிலில் சிவந்த முகமுமாக அலுவலகத்துக்குத் திரும்பிய என்னைக் காசாளர் அக்கா ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிற ஆள் அவர்.

இரண்டாவது, கல்முனையில். நவம்பர் 23, வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டரைக்கு. அரை நாள் லீவு வேண்டும்.

காய்ச்சல் என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் பின்னேரமே நாலு பேர் ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமுமாக வாசலில் நிற்பார்கள். முன்பு ஒருத்தி அம்மம்மாவுக்குக் கடும் வருத்தம் என்று லீவு எடுத்தாள். அடுத்த நாள் கிளையே ஒரு வேன் பிடித்துப் போனது. அம்மம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாராம். அதனால் பொய் சொல்வதில்லை, சொல்லாமல் விடுவது மட்டும்தான் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். நாட்டுச் சட்டமும் என் பக்கம்தான் இருந்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 14 நாள் ஆண்டு விடுமுறை, அதைத் தவிர 7 நாள் கெஷுவல். அந்த 7 நாளும் எதற்கு என்றால், சொந்த அலுவல், சுகவீனம், நியாயமான வேறு காரணம். முதலாவதே சொந்த அலுவல்தான். எனக்கு அந்த வருடத்தில் ஒன்றரை நாள் மிச்சம் இருந்தது.

யூனிஃபோர்ம் சாறியோடு இன்னொரு கம்பனிக்கு இன்டர்வியூ போக ஏலாது, கரையில் எங்கள் கம்பனியின் சின்னம். ஆகவே காலையிலேயே ஒரு நீலச் சாறியில் வேலைக்குப் போனேன். ‘என்னகா, இண்டைக்கு விசேஷம்?’ என்றார் காசாளர் அக்கா. ‘பின்னேரம் ஒரு அலுவல் அக்கா.’ இளநீலத் தாளை எட்டிப் பார்த்தார். ‘ஓ, சொந்த அலுவல்’ என்றார், ‘சொந்த’வைக் கொஞ்சம் இழுத்து.

மாரி மழை, ஸ்கூட்டி சரிவராது. கல்முனை பஸ். காத்தான்குடி, ஆரையம்பதி எல்லாம் நல்லபடியாகக் கடந்தது. களுவாஞ்சிகுடியில் எங்கள் கிளையின் செக்குரிட்டி ஐயாவின் மனைவி ஏறி, நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். எவடத்த போறீங்க மிஸ் என்றார். என் சட்டம் அந்த இடத்திலேயே முறிந்தது. ‘மருதமுனைக்கு. கைத்தறிச் சாறி எடுக்க.’

‘ஆருக்கு?’

அதற்கு நான் சும்மா சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பைத்தான் செய்திருக்கக் கூடாது.

அவர் கல்முனை வரை போகிறவர். மருதமுனை என்று சொன்னவள் மருதமுனையில் இறங்கத்தானே வேண்டும்? இறங்கினேன். பஸ் ஜன்னலில் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்தது, கொட்டுகிற மழை வேறு, எதிரே இருந்த கைத்தறிக் கடைக்குள் ஏறினேன். கடைக்கார நானா ஒருவர் மேசை முழுக்கச் சாறியை விரித்துப் போட்டார். கையில் நேரமும் இல்லை, ஒன்றும் எடுக்காமல் இறங்க மனமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் கருநீலத்தில் மாம்பழ மஞ்சள் கரை போட்ட ஒன்று, 6,800 ரூபா. என் ஆயுளில் இவ்வளவு வேகமாக நான் சாறி எடுத்ததில்லை. ஓட்டோவில் கல்முனைக்குப் போய், நனைந்த குடையும் சாறிப் பையுமாக இன்டர்வியூ மேசைக்கு முன்னால் இருந்தேன்.

அது ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கிளை. அங்கிருந்த மனேஜர் என் சிவியைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னதே, ‘உங்கட மனேஜரும் நானும் ஒண்டா வேலை செஞ்ச ஆக்கள்தான்.’ எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். ‘பயப்பிடாதீங்க தங்கச்சி. நானும் அங்கயிருந்து இப்பிடித்தான் வந்தன். அரை நாள் லீவு, கையில ஒரு பை.’

அடுத்த கட்டத்துக்கு மூன்று மாதச் சம்பளப் பட்டியல் கேட்டார்கள். அதை நிர்வாகப் பிரிவில் ஒருவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எதற்கு என்றார், வங்கி அலுவல் என்றேன். மட்டக்களப்புப் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே பொதுவாக வீடு பெண் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். ஆகவே கலியாணம் ஆகாத ஒருத்தி கடனுக்குப் பேப்பர் எடுத்தால் அது சீதன வீடு. மார்கழி தொடங்கும்போது எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டியாகிவிட்டது, எங்களுக்குத்தான் தெரியாது. நிர்வாகப் பிரிவுக்காரர் நல்ல மனிதர். ஒருநாள் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, பெண்கள் கலியாணம் முடித்து வேலையை விட்டால் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக் காசை 50 வயது வரைக்கும் காத்திருக்காமல் எடுக்கலாம், தெரியும்தானே என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மைதான், அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெண் வேலையை விட்டால் என்ன காரணம் என்பதில் எங்கள் காசாளர் அக்காவுக்கும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நான் மறுக்கவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் யாரும் சந்தேகப்படவில்லை, வழி விட்டார்கள். மனேஜர் சேர் கூட நான் போனில் நிற்கும்போது கதவை மெல்லச் சாத்தினார். இப்படியொரு மறைப்பு கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்? ஆனால் அது எனக்கு மட்டும் சொந்தமான மறைப்பு இல்லை என்பது திருவெம்பாவைக் காலத்தில் தெரிந்தது. அம்மா விடியப்புறம் கோயிலுக்குப் போய், திருநீறும் அவலுமாகத் திரும்பி வந்து, உள்ளே வராமல் படியில் இருந்தார். நான் பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

‘ஆர் பொடியன்?’

கோயிலில் இரண்டு பேர், தனித்தனியாக, எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லையே என்று அம்மாவைக் குறை கேட்டிருக்கிறார்கள். சொந்தப் பிள்ளையின் கலியாணத்தை ஊர்வாயால் கேட்ட தாயின் முகம் அது. நான் வாயைக் கொப்பளித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிவி, பாலத்தடி, கல்முனை, மருதமுனைச் சாறி, பணிக்கொடைக் கணக்கு.

‘அப்ப கலியாணம் இல்லயா?’

‘இல்லம்மா.’

‘ஒண்டுமே இல்லயா?’

‘ஒண்டுமில்ல.’

கன நேரம் ஒன்றும் பேசவில்லை. எந்தச் செய்தி உண்மையாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. மறுகா எழும்பி, அவலை என் கையில் தந்து, ‘சம்பளம் எவ்வளவு கூட?’ என்றார். அன்றிலிருந்து என் ரகசியத்தை என்னைவிட நன்றாகக் காத்தது அம்மாதான். யார் கேட்டாலும் ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ‘எல்லாம் மாமாங்கேஸ்வரர் விட்ட வழி.’ பொய் இல்லைதானே.

கடைசி இன்டர்வியூ கொழும்பில், 2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. புது வருடம், புது லீவு. திங்கட்கிழமை பொங்கல் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. தனியாக இரவு பஸ்ஸில் விட மாட்டேன் என்று அம்மாவும் வந்தார். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், பாதி தூக்கத்தில். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் முகம் கழுவி, அந்த மருதமுனைச் சாறியை உடுத்தேன். மூன்று பேர் இருந்தார்கள். ஏன் விலகுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பழைய இடத்தைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள், நான் ஒரு பதில் மனப்பாடமும் செய்திருந்தேன். வாயில் வந்தது வேறு: பத்திரம் எழுதுகிற வேலை எனக்குப் பிடிக்கும், எழுதிய பத்திரத்தை வைத்து அந்த ஆட்களையே துரத்துகிற வேலை பிடிக்கவில்லை. நடுவில் இருந்த அம்மையார் ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வந்த பஸ் பொங்கலுக்கு ஊர் போகிற மட்டக்களப்பு ஆட்களால் நிறைந்திருந்தது. எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் காசாளர் அக்காவின் கணவர். கொழும்பில் வேலை செய்கிறவர், எனக்கு மறந்தே போயிருந்தது. எழும்பி வந்து அம்மாவிடம் சுகம் விசாரித்தார். என் புதுச் சாறியைப் பார்த்தார், சித்தி தந்த பலகாரப் பெட்டியைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜனவரி 29 கடிதம் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். ஏப்ரல் 8 என்று நான் கேட்டேன், கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். பிறகு மார்ச் வரை ஐந்து வாரம் சும்மா இருந்ததுதான் எல்லாவற்றிலும் கடினம். அடுத்த வருட வேலைத் திட்டத்தில் என் பெயரைப் போடும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வாரங்களில் நான் வேலை செய்த மாதிரி ஐந்து வருடத்திலும் செய்யவில்லை; கோப்பு ஒவ்வொன்றிலும் என்ன மிச்சம், யாருக்குப் போன் எடுக்க வேண்டும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். நல்ல பெயருக்காக என்று சொல்லலாம். குற்ற உணர்ச்சிதான்.

மார்ச் 5, செவ்வாய்க்கிழமை. கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்றுதான் எழுதியிருந்தேன். மனேஜர் சேர் வாசித்துவிட்டு எழும்பிக் கை தந்தார்.

‘வாழ்த்துகள் மிஸ். எப்ப கலியாணம்?’

‘கலியாணம் இல்ல சேர். கல்முனை.’

இருந்தார். கடிதத்தை இன்னொரு முறை வாசித்தார். ‘அந்த ஆளிட்டயா?’ என்றார். முகத்தில் வந்தது சிரிப்பா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அப்புறம், ‘என்னிட்ட முதலே சொல்லியிருக்கலாமே மிஸ்’ என்றார், உண்மையாகவே மனம் நொந்த குரலில். கண்ணாடிக்கு வெளியே ரிக்கவரித் தம்பி வாகரைக்குப் புறப்பட மழைக்கோட்டை மடித்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். சேரும் பார்த்தார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பணிக்கொடையை விலகிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 26ஆம் நாள் போட்டுவிட்டார்கள், 145,000, ஒரு சதம் குறையாமல். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 5 கடைசி நாள். கேக் வெட்டினோம். பிறகு காசாளர் அக்கா உள்ளே போய், தங்கக் கடதாசி சுற்றிய ஒரு பெரிய பெட்டியைத் தூக்கி வந்தார். தை மாதமே ஆளுக்கு 500 சேர்த்து வாங்கி வைத்த ரைஸ் குக்கர். ‘சேர்த்த காசத் திருப்பிக் குடுக்க ஏலுமா புள்ள, கொண்டு போ’ என்றார், கொஞ்சம் கோபமாக. ஸ்கூட்டியின் முன்னால் வைத்து, பாலத்தில் காற்றுக்குப் பிடித்துப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் வீட்டுக் குக்கரின் மூடி பிடி உடைந்து இரண்டு வருடம். நான் இதைத் திறப்போம் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். தங்கக் கடதாசிகூடக் கழற்றாமல் அம்மா அதை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்.